வாடகைதாரர் சேதம்

கிரிம்ஸ்பி நகரமன்றத்தில்
பதினேழு வருடமாகத் தச்சன்.
கதவு, சன்னல், கைப்பிடி, அலமாரிக் கீல்.
மழையில் ஊறி உப்பிய மரத்தை
இழைத்து இழைத்துச் சட்டத்துக்குள் அடக்குவேன்.

நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு
முதலில் போனது மார்ச்சில்.
படுக்கையறைக் கதவின் நடுப்பலகையில்
ஒரு முஷ்டி நுழையும் ஓட்டை.
காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது என்றாள்
காரின் ஹாக்ஸ்பி.
கடலோர ஊர்,
காற்றுக்கா பஞ்சம்?
நம்பினேன்.
நம்புவது வசதியாகவும் இருந்தது,
மதியத்துக்குள் இன்னும் நான்கு வீடு.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
வாடகைதாரர் சேதம் என்று எழுதினேன்.
எண்பத்தாறு பவுண்டு
அவள் கணக்கில் ஏறியது.

ஜூனில் குளியலறைத் தாழ்ப்பாள்.
வெளியிலிருந்து தள்ளியதில்
திருகாணிகள் மரச்சிராயோடு பிய்ந்து
தொட்டிக்குள் கிடந்தன.
குளியலறைக்குள் ஏது காற்று என்று
நான் கேட்கவில்லை.
அவள் சொல்லவில்லை.
சோபாவில் பந்தாட்டம் பார்த்திருந்தவன்
எழுந்து வந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து,
நல்ல கை உங்களுக்கு, என்றான்.
வாடகைதாரர் சேதம்.
நூற்றுப்பத்து பவுண்டு.

அக்டோபரில் எங்களுக்கு ஓர் அரைநாள் பயிற்சி.
தச்சர், குழாய்க்காரர், மின்பணியாளர்
முப்பது பேர்.
பிஸ்கட் இருக்கும் என்றுதான் போனோம்.
வீட்டுவசதிப் பிரிவின் இமெல்டா ஸ்டாட்
திரையில் படம் ஏதும் காட்டவில்லை.
"எங்கள் மேசைக்கு அந்தப் பெண்கள் வந்து சேர
வருடக்கணக்காகிறது.
அவர்கள் வீட்டுக் கதவுகளை
நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள்"
என்று மட்டும் சொன்னாள்.
வாயிலிருந்த பிஸ்கட்டை
மெல்லவும் முடியவில்லை,
துப்பவும் முடியவில்லை.

வேனில் உட்கார்ந்து
பழைய படிவங்களைப் புரட்டினேன்.
என் கையெழுத்து அழகானது,
அன்று அதுவும் பிடிக்கவில்லை.
இமெல்டா கொடுத்த எண்ணை அழைத்தேன்.
ஒன்றும் தெரியாது,
இரண்டு கதவுகள் மட்டும் தெரியும், என்றேன்.
அது போதும் என்றாள்.

அதன்பின் நடந்தது என் வேலை இல்லை.
காதில் விழுந்ததைச் சொல்கிறேன்:
வாடகை பற்றிப் பேச என்று
காரினை மட்டும் கூப்பிட்டார்களாம்,
சன்னல் இல்லாத ஓர் அறைக்கு.
முதல்முறை அவள் காற்றையே சொன்னாளாம்.
இரண்டாம் முறை வரவேயில்லை.
மூன்றாம் முறை
மகன் நெவிலின் காலணிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாளாம்.
லிங்கன் பக்கம் ஒரு காப்பகத்தில் இடம் இருந்தது.
பையனின் பள்ளி இங்கே, என் வேலை இங்கே,
நான் ஏன் போக வேண்டும் என்று கேட்டாளாம்.
நீதிமன்ற ஆணை அவனை வெளியே அனுப்பியது.
நூற்றுத் தொண்ணூற்றாறு பவுண்டைத் தள்ளுபடி செய்தார்கள்.
செய்த பிறகும்
கணினி விடாமல் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பியது.

நவம்பரில் மறுபடி நான்.
புதுக் கதவு, இரண்டு பூட்டு,
நெருப்புத் தாங்கும் தபால்பெட்டி.
அது பதினோரு நாள் தாமதமாக வந்தது.
அந்தப் பதினோரு இரவும்
தபால் துளையை ஈரத்துண்டால் அடைத்துவைத்தாள்.

வேலை முடிந்து சாவிகளை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு,
"நீங்கள் வெளியே போய்த் தள்ளிப் பாருங்கள்" என்றாள்.
போனேன்.
உள்ளே ஒரு சாவி திரும்பியது, மற்றொன்றும்.
உள்ளங்கையால் தள்ளினேன்.
"அப்படி இல்லை."
தோளை வைத்தேன்.
"இன்னும் பலமாக."
எதிர்வீட்டுத் திரை விலகியது.
என் ஆள் எடை முழுவதையும் கொடுத்து,
எனக்கே என்னைப் பிடிக்காமல்,
ஒரு மோது மோதினேன்.

கதவு அசையவில்லை.
உள்ளே வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு நெவில்,
தபால் துளை வழியே:
"அவ்வளவுதானா உங்கள் பலம்?"