ஏழாவது கேள்வி

கடலிலிருந்து வீட்டின் தூரம், மீட்டரில்.
எண் போடாமல் எட்டுக்கு விடாது டேப்லெட்.
ஒரே ஓர் எண்தான். கமா போட்டால் சிவக்கும்.

சீனிவாசபுரம், முன்வரிசை.
சங்கராவின் செதில் சீவிக்கொண்டே
அஞ்சலாட்சி கேட்டாள்:
"எந்த மாசத்துக்குக் கேக்குற?"

தூரத்துக்கு மாதம் உண்டென்று
கிண்டியில் மூன்று நாள் நடந்த பயிற்சியில்
யாரும் சொல்லவில்லை.

"பங்குனின்னா, அதோ
ஃபைபர் போட்டு கவுத்து வெச்சிருக்குல்ல, அதுக்கும் அப்பால.
ஐப்பசி அமாவாசைன்னா
நீ கால் வெச்சிருக்கியே, இங்க."

காலை எடுத்துக்கொண்டேன்.

ஆறாவதிலும் இப்படித்தான்.
எச்சரிக்கை எதன் வழியே கிடைக்கிறது?
வானொலி, தொலைக்காட்சி, குறுஞ்செய்தி, ஒலிபெருக்கி.
"மூணாம் மாடி ஷகீலா தட்டு அடிப்பா.
சத்தம் கேட்டா புள்ளைங்கள தூக்கினு ஓடுவோம்."
பட்டியலில் ஷகீலா இல்லை.
'மற்றவை' என்று குறித்தேன்.

சுவரில் இரண்டு கறை.
முட்டியளவில் இருப்பது கடல் விட்டுப் போனது.
மார்பளவில் இருப்பது, ஏரியைத் திறந்த ராத்திரி
அடையாறு கொல்லைப்பக்கமாய் வந்து வைத்தது.
"அது சத்தம் போட்டுனு வரும். இது திருடன் மாதிரி."
என் படிவத்துக்குத் தெரிந்தது ஒரே திசை, கிழக்கு.

"எங்களுக்கு இன்னா கலரு அடிப்ப?"
சிவப்பு என்றேன்.
"செவப்புன்னா கல்லு கொட்டுவாங்களா,
பெரும்பாக்கத்துக்கு லாரி அனுப்புவாங்களா?"
கத்தி நின்றிருந்தது.
அவர்கள் கேட்பதை எழுத
எங்களிடம் கட்டம் இல்லை.

இருப்பிடத்தைப் பதிவு செய், அழுத்தினேன்.
நீலப் புள்ளி சுற்றிச் சுற்றிப் போய்
கடலுக்குள் நின்றது,
அலை உடைகிற இடத்துக்கும் சற்று அந்தப் பக்கம்.
நீரில் விழும் புள்ளி பிழை, நீக்கவும்:
கையேடு, பக்கம் பதினொன்று.

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்து
திரையை எட்டிப் பார்த்தாள்.
"சரியாத்தான் காட்டுது.
அதான் எங்க பழைய வூடு.
நான் வாக்கப்பட்டு வந்தது அங்கதான்.
முன்னால ஒரு கெணறு இருந்துச்சு,
நல்ல தண்ணி."

ஒரு காகம் குடலைக் கொத்திக்கொண்டு பறந்தது.
அவள் விரட்டவில்லை.

புள்ளியை இழுத்துக் கரையில் வைக்க
ஒரு விரல் போதும்.
விட்டுவிட்டேன்.

ஏழுக்குச் சுழியம் போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

எட்டாவது:
வீட்டில் கழிவறை உள்ளதா?