இலக்கம் 212

முந்நூறு சொல், ஒரு படம், ஆறு மணிக்குள்
என்றார் நிஃமத்.
லண்டனில் ஏலம். தென் துருவம் போன கப்பலொன்றின்
புகைப்படங்கள், நூற்றுப் பதினெட்டு உருப்படி.
நமக்கென்ன இதில் என்றேன்.
நாற்பத்தேழாவதைப் பார் என்றார்.

கொழும்புத் துறைமுகம், 1909.
மெரிடித் என்ற அந்தக் கப்பலின் வயிற்றுக்குள்
பலகை ஏறிப் போகிறது ஒரு வரிசை,
தலைக்கொரு கூடை, கூடை முட்ட நிலக்கரி.
பன்னிரண்டு பேர் அசைந்துவிட்டார்கள்.
அந்தக் காலத்துக் கமராவுக்கு
அசைந்தவரெல்லாம் புகை.
பதின்மூன்றாமவன் மட்டும் நிற்கிறான்.
ஏன் நின்றான் தெரியாது,
மூச்சு வாங்கியிருக்கலாம்.
முழங்கைக்கு மேல் கட்டிய பித்தளை வில்லையில்,
திரையில் பெரிதாக்கினால்,
212.

பட்டியலில் நாய்கள் பதினேழுக்கும் பெயர் இருந்தது.
பிஸ்கட். டியூக். திருமதி பெல்.
திருமதி பெல் எந்தத் தேதியில்
எந்தப் பனிப்பிளவில் விழுந்தாள் என்பதுகூட.
நாற்பத்தேழுக்கு ஒரு வரி:
உள்ளூர்க் கூலிகள், இடது மூலை சற்றே கிழிந்தது.

சுவடிகள் திணைக்களத்தில் சந்திமாலி
பேனையை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் தந்தாள்.
கரிக் கம்பனியின் சம்பளப் பேரேடு
நாடாவால் கட்டி வந்தது.
ஒரே ஒரு பூச்சி
ஜனவரியில் நுழைந்து ஜூனில் வெளியேறியிருக்கிறது,
நேர்கோட்டில், யாரிடமும் அனுமதி கேட்காமல்.

212 கிடைத்தான்.
கிடைத்தான் என்றா சொன்னேன்?
ஐந்து பேர் கிடைத்தார்கள்.
தையில் சடையன்.
பிறகு கிரிபண்டா, எட்டே நாள்.
மறுபடி ஒரு சடையன், அதே ஆளோ என்னவோ.
செப்டெம்பர் இருபது வரை மொகிதீன்.
இருபத்தொன்றிலிருந்து பெரியான், ஊர் தொண்டி.
அதற்குப் பிறகு மை கொட்டியிருந்தது.
ஒருவன் நின்றுவிட்டால்
வில்லையைக் கழற்றி அடுத்தவன் கையில் கட்டியிருக்கிறார்கள்.
வியர்வையைத் துடைத்தார்களா என்பது
பேரேட்டில் இல்லை.

கப்பல் வந்த நாள் தெரிந்தால் போதும் என்று
பழைய பத்திரிகையின் துறைமுகப் பத்தியைத் தேடினேன்.
மெரிடித்: பத்தொன்பதாந் தேதி இரவு வருகை,
இருபத்தொன்று மாலை புறப்பாடு.

நானும் சந்திமாலியும்
படத்தில் விழுந்த நிழலை அளந்து பார்த்தோம்.
மத்தியானம் என்று தெரிந்தது.
எந்த மத்தியானம் என்று நிழலுக்குத் தெரியவில்லை.

லண்டனுக்கு அழைப்பெடுத்தேன்.
ஃபிலிப்பா என்றொருத்தி, இனிமையான குரல்.
ஏலம் கேட்கப் போகிறீர்களா என்றாள்.
கேட்கத்தான் எடுத்தேன் என்று தமிழில் நினைத்து,
இல்லை, செய்தியாளர் என்றேன் ஆங்கிலத்தில்.
படத்தை ஒரு தடவை அச்சிட
நூற்றைம்பது பவுண் என்றாள்.

நிஃமத் கல்குலேட்டரைத் தட்டினார்,
இன்னொரு தரம் தட்டினார்,
பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தார்.
சும்மா கிடைக்கிற பென்குயின் ஒன்று போடு என்றார்.

அருளம்பலம் அண்ணன் சிவப்புப் பேனையோடு
கடைசிப் பந்திக்கு வந்து சேர்ந்தபோது
மணி ஐந்து ஐம்பது.
"மொகிதீன் அல்லது பெரியான்."
அல்லது என்று செய்தி எழுதுவதில்லை, தங்கச்சி.
யாரென்று சொல், போடுகிறேன்.

யாரென்று சொல்வது?
ஒருவன் பேர் போட்டால் மற்றவனை
நானே இரண்டாந் தடவை
கம்பனியை விட்டு நிறுத்தினதாகாதா?
சொல்லவில்லை. வெட்டினார்.
இருநூற்றெண்பத்தாறு சொல்லில் முடிந்தது செய்தி.

ஐந்தாம் பக்கம், தங்க விலைக்குக் கீழே,
பென்குயின் நன்றாக வந்திருந்தது.

மூன்றாம் நாள் முடிவு அனுப்பினாள் ஃபிலிப்பா.
நாற்பத்தேழு, எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு.
தொலைபேசியில் கேட்டவர்
பெயரை வெளியிட விரும்பவில்லையாம்.

அன்று கொச்சிக்கடையில் பஸ்ஸை விட்டிறங்கி
துறைமுக மதிலோரம் சற்று நடந்தேன்.
உள்ளே பாரந்தூக்கிகள் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தன.
கழுத்தில் தொங்கிய ஊடக அட்டையை
வாசலில் நின்ற காவலாளி திருப்பிப் பார்த்தான்.
பெயரை வாசிக்கவில்லை,
இலக்கத்தை எழுதிக்கொண்டான்.