தேய்மானக் கணக்கு

மொத்தம் பத்தொன்பது பம்பரம்.
சுற்றக்கூடியவை பன்னிரண்டு.
மீதி ஏழை எண்ணாமல் விட மனசில்லை,
எண்ணினால் கூட்டல் இடிக்கிறது.

புதுவயல் அரிசி ஆலையில்
எடைமேடைச் சீட்டு எழுதுகிறவள் நான்.
லாரி ஏறும். சிவப்பு எண்கள் நடுங்கும். நிற்கும்.
நின்றதைத்தான் எழுதுவேன்.
பம்பரங்களுக்கும் அதே கை, அதே நீல மை,
பழைய லோடு புத்தகத்தின் பின்பக்கம்.

உமி நிரப்பிய எண்ணெய் டின்னில் படுத்திருக்கின்றன.
உமி ஈரத்தைக் குடித்துவிடும், ஆணி துருவேறாது
என்றார் பாய்லர் அடைக்கலம்.
துருவேறத்தான் செய்கிறது,
கொஞ்சம் மெதுவாக.

எண் 3, கொய்யா. தலையில் ஆக்கர் ஒன்பது.
ஒன்பதாவது குழிக்குள் சுண்டுவிரல் நுனி போகும்.
அது விழுந்த நாளிலிருந்து
சுற்றும்போது ஒரு விசில் கேட்கிறது.
கேட்டவர்களுக்கு விலை சொல்லவில்லை.

எண் 6 வேம்பு. ஆணி சாய்ந்துவிட்டது.
ஓரிடத்தில் தூங்காது,
வட்டம் முழுக்க அலையும்,
வீட்டுக்குப் போகப் பிடிக்காதவன் மாதிரி.

எண் 8 பர்மா தேக்கு.
கானாடுகாத்தானில் இடித்த ஒரு வீட்டின்
மாடிப்படிக் கைப்பிடிக் கால்.
காரைக்குடிக் கடைசல் பட்டறையில்
செவத்தியான் கடைந்து தந்தார்.
ஆளாளுக்கு வாங்கிப் பார்த்து
மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.
முதல் ஞாயிறே கழுத்தில் சில்லு பெயர்ந்தது.
தேக்கு கதவுக்கு நல்லது.
குத்து வாங்கத் தெரியாது.

எண் 11,
ஒருமுறைகூடச் சாட்டை படாதது.
அரக்குச் சிவப்பு.
ஆயுதபூசைக்குச் சந்தனம் மட்டும் வைப்பேன்.
போன கோடையில்
டின்னுக்குள்ளேயே பிளந்து கிடந்தது.
காரணம் என்கிற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை ஊதாது.
நெல் காயும் களத்தை ஒட்டிச் செம்மண்,
அதில் ஆணியால் கீறிய வட்டம்.
எங்கள் விதி ஒன்றுதான்:
பிளந்தவருக்கு ஆணி. மரம் சொந்தக்காரருக்கு.

எண் 1 சித்திரையில் போனது.
நாட்டுக் கருவேலம், ஏழு வருஷம்.
தேங்காய் உடைகிற சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை.
நாற்காலியை விட்டு யாரோ எழுந்தது போல இருந்தது.
லோடுமேன் சிக்கந்தர் இடுக்கியால் ஆணியைப் பிடுங்கி,
லுங்கியில் துடைத்துப் பையில் போட்டார்.
"சொல்லிட்டுத்தானே குத்துனேன், உமையா?"
சொல்லிவிட்டுத்தான் குத்தினார்.
ஒரு பாதி இப்போது எடைமேடை ஜன்னலுக்கு ஆப்பு.
இன்னொரு பாதி உமிக்குள்.

ஆடியில் புதுசு கொண்டுவந்தார் சிக்கந்தர்.
புளியமரம். கையில் வாங்கினால் கை இறங்கியது.
என் எண் 14 வட்டத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தது,
சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத தூக்கம்.
மேலிருந்து இறக்கினார்.
எனது உருண்டு வேலிமுள்வரை போனது.

எடுத்து ஊதி மண்ணை நீக்கிப் பார்த்தேன்.
எல்லா ஆணியும் வட்டமாகக் குழிக்கும்.
இது சதுரம்.

நாலு பட்டை.
ஒரு மழைநாள் முழுக்க மின்சாரம் இல்லாமல்
எடைமேடை அறையில் உட்கார்ந்து
நான் அரத்தால் தீட்டிய நாலு பட்டை.

இதை எங்கே எழுதுவது?
பற்றில் வைத்தால், குத்தியது என் ஆணி.
வரவில் வைத்தால், குத்துப்பட்டது என் பம்பரம்.
சித்திரையில் அடித்த பெயரை ஆடியில் திருத்தினால்
முதலாளி என்றால் சீட்டைக் கிழித்துவிடுவார்.

"என்ன எழுதுறே அங்க? உன் முறை" என்றார் சிக்கந்தர்.
தீக்குச்சியைக் குழிக்குள் விட்டேன்.
மருந்து நனையும் இடம்வரை,
பாதிக்கும் மேலே இறங்கியது.
என் கையில் இருந்தவரை
அது இவ்வளவு ஆழம் போனதில்லை.

எண் 14, ஆக்கர் ஒன்று, சதுரம்.
ஆணி நலம்.