நீர்

சம்பளத்துக்கு மூன்று நாள் முன்பு
அவர் அந்த நாவலைத் தந்தார்.
தட்டச்சு இயந்திரத்தின் மேல் வைத்தார்,
அவசரக் கடிதம் வைப்பதுபோல.
"இதைப் பாரும், பவளக்கொடி.
நூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்து. எண்டாலும்..."
அதற்குப் பிறகு
மின்விசிறிதான் பேசியது.

லைட் ஸ்ட்ரீட்டில் வக்கீல் அலுவலகம்.
நான் கீழே. அவர் மாடியில்.
இடையில் பதினேழு மரப்படிகள்;
ஒன்பதாவது முனகும்.
முனகினால் நான் முந்தானையைச் சரிசெய்வேன்.
அது காதலா வேலையா என்று
ஒரு வருஷமாய்த் தெரியவில்லை.

கதையிலும் ஒரு மாளிகை, ஓர் எஜமான்,
சம்பளத்துக்கு வந்த ஒருத்தி.
பட்டர்வொர்த் வீட்டில்
தமிழ்ப்படுத்திச் சொல்லிக்கொண்டே போனேன்.
ஆண்டுக்கு இத்தனை பவுன் என்றதும்
அம்மா நிமிர்ந்தாள்:
"அவ்ளோ போடுறாங்களாமா?"

அவர் பென்சிலால் கோடிட்டிருந்தார்.
எல்லாம் எஜமானின் பேச்சு.
குதிரைமேலிருந்து சொன்னது,
கோபத்தில் சொன்னது, கெஞ்சிச் சொன்னது.
அவள் பதில் சொன்ன இடமெல்லாம்
கைபடாமல் கிடந்தது.

சமம் என்ற சொல்லுக்கு இரட்டைக் கோடு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஆங்கிலத்தில் துரைக்கும் யூ, வேலைக்காரிக்கும் யூ.
சமம் என்று சொல்ல
நாக்கு ஒரு படிகூட இறங்க வேண்டாம்.
இங்கே நான் அவரை "நீங்கள்" என்பேன்.
அவர் என்னை யாழ்ப்பாணத்து "நீர்" என்பார்:
மரியாதைக்குக் கொஞ்சம் கீழே,
உரிமைக்குக் கொஞ்சம் மேலே,
முனகும் இடத்தில்.
அறுபது வயது பியூன் சடையன் மட்டும் "நீ".

இரவு குழாயடியில் ஒத்திகை பார்த்தேன்.
"நீர் சாப்பிட்டீரா?"
"நீர் ஏன் இன்னும் கல்யாணம் கட்டவில்லை?"
நிபோங் தெபால் தோட்டத்து நாக்கில்
அது கூத்து வசனமாய் வந்தது.
பிறகு, மெதுவாக, "நீ."
காது சுட்டது.
வாளி வழிந்து செருப்பு நனைந்தது.

ஒப்பந்தங்களில் அடித்துத் திருத்தும் சிவப்பு மையை எடுத்து
அவள் பதில்களுக்கெல்லாம் கோடிட்டேன்.
'போகிறேன்' என்று அவள் சொல்லுமிடத்தில்
நிப் தாளைக் கிழித்துவிட்டது.

சம்பள நாள்.
அவர் உறையை நீட்டினார்,
நான் புத்தகத்தை.
கையெழுத்துப் போட்டது நான் மட்டும்.

இன்று அக்கரைக் கோர்ட்டில் வழக்கு.
கட்டுகளோடு நானும் போகவேண்டும்.
"காரில் ஏறும்" என்றார்.
"ஃபெரியில் மேலே காற்று வரும்" என்றேன்.

மேல்தட்டுப் படியருகே நின்று குனிந்தால்
கீழே வரிசையில் அவருடைய சாம்பல்நிற மோரிஸ்.
கண்ணாடியை இறக்கியிருக்கிறார்.
மடியில் விரிந்திருக்கிறது.
எந்தப் பக்கமென்று இங்கிருந்து தெரியவில்லை.
சிவப்பு தெரிகிறது.

நிமிராமல் படிக்கிறார்.
கரைக்கு இன்னும் பத்து நிமிடம்.
கூப்பிடலாம்.
கூப்பிட ஒரு சொல் வேண்டும்.