மேல்கணக்கு

கொப்பியில் மூன்று நிரல்:
நேரம், லீட்டர், கையொப்பம்.
மலைக்குள்ளே இரண்டரை மைலில்
நான் பம்புக்காரன்.
பாறை கசிவதை இறைத்து வெளியே தள்ளுவது வேலை.
வெளியில் மழையா வெயிலா
அங்கே யாருக்கும் தெரியாது.
தலைவிளக்கு எரிந்தால் பகல்.

ஆனி மாதம், இரவு ஷிப்ட்.
எந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.
பாறையில் ஒரு விரிசல்.
தண்ணீர் முதலில் ஊசி போல,
பிறகு கை போல,
பிறகு பக்கத்து ஆளின் பேரைக் கூப்பிட்டாலும் கேட்காத சத்தம்.
ரணவீர மாத்தயா ஓடச் சொன்னார்.
பம்பைப் போட்டுவிட்டுத்தான் ஓடினேன்.
அதற்காக அந்த மாதம்
ஆயிரத்து ஐந்நூறு சேர்த்துத் தந்தார்கள்.

விடியும்போது முழங்காலுக்குத் தணிந்திருந்தது.
முகம் கழுவினேன். வாயில் பட்டது.
கொஞ்சம் இரும்பு,
அடியில் ஓர் இனிப்பு,
பல் கூசும் குளிர்.
துப்பவில்லை, விழுங்கினேன்.
முப்பத்தொரு வருடம் குடித்த தண்ணீரை
நாக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
எங்கள் மேல்கணக்குப் பீலி.

கொப்பியில் எழுதினேன்:
ஐந்து மணி, நிமிடத்துக்கு ஒன்பதாயிரம்,
கையொப்பம்.

"கெழட்டு மாடு மூத்திரம் பேஞ்ச மாதிரி வருது பீலி"
என்றாள் புனிதமலர்.
ஒரு குடத்துக்கு அரைமணி.
மூன்றாம் நாள் அதுவும் இல்லை.
தகரத்தின் வாயில்
குளவி ஒன்று மண் வைக்கத் தொடங்கியது.
கானில் நண்டு இல்லை.
தவளைச் சத்தம் நின்றுபோனதை
இரண்டு இரவு கழித்துத்தான் கவனித்தோம்.
அந்தப் பக்கத்துக் கோவாத் தோட்டக்காரர்கள்
கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக்
காது கொடுத்து நிற்கிறார்களாம்.

பிறகு சுவர்கள்.
எட்டுக் காம்பராவுக்கும் ஒரே கோடு.
முதல் வீட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் கிளம்பி
கல்யாணத்துக்கு அழைக்க வந்த ஆள் மாதிரி
ஒரு வீடு விடாமல் நுழைந்து
கடைசி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டது.
தொப்பி போட்ட பொடியன் ஒருவன் வந்து
வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித்
திகதி எழுதினான்.
இது உடைந்தால் மலை அசைகிறது என்று அர்த்தம் என்றான்.
வெள்ளி ஒட்டினான். ஞாயிறு உடைந்தது.
டிலுக்ஷன் ஒரு சில்லை எடுத்து
அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தான்.

நட்டஈட்டு விண்ணப்பம் ஏழு பக்கம், சிங்களத்தில்.
ஐந்தாம் பக்கம் உறுதி இலக்கம் கேட்டது.
லயத்துக்கு ஏது உறுதி?
சுவர் தோட்டத்துடையது.
வெடிப்பு மட்டும் எங்களுடையது.

செவ்வாயும் வெள்ளியும் பவுசர் வரும்.
வீட்டுக்கு நான்கு கேன்.
வரிசையில் நின்றால் கொழுந்துக்குப் பிந்தும்,
பிந்தினால் அரைப்பேர்.
போன வெள்ளி நடந்த தள்ளுமுள்ளில்
செபமாலையின் மருமகளுக்குத் தோடு போனது,
காதுமடலும் கொஞ்சம்.

ஓவர்டைம் காசில்
ஆயிரம் லீட்டர் கறுப்புத் தாங்கி வாங்கினேன்.
பண்டாரவளையிலிருந்து லொறியில் வந்தது.
அதை நிரப்ப மலைக்குள்ளே எனக்கு
ஏழு விநாடி வேலை.
இங்கே, ஒரு வாயும் குடிக்காமல் சேர்த்தால்
ஆறு கிழமைக்கும் மேல்.
இப்போதைக்கு டிலுக்ஷன் அதற்குள் இறங்கித்
தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கொள்கிறான்.

நேற்று வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தவள்
துவைக்கத் தண்ணீரில்லாமல்
கையிலேயே வைத்திருந்தாள்.
மூக்கருகே கொண்டுபோனாள்.
"ஒங்க சட்டையில பீலி மணக்குது."

நான் பீடி தேடினேன்.

இன்று சோற்றுப் பைக்குள் ஒளித்து
ஒரு போத்தல் கொண்டுவந்தேன்.
கொப்பியில் ஏறாத ஒரே தண்ணீர்.
ஒரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு
விழுங்காமல் என்னையே பார்த்தாள்.
என்ன நாள், எத்தனை மாதம் என்று
கேட்பாள் என நினைத்தேன்.

விழுங்கினாள்.
மூடியை இறுக்கித் திருகினாள்.
"நாளைக்கி ரெண்டு போத்தல் கொண்டு போங்க."