நாற்பத்தொன்றாம் எண்

ஃபாஹாஹீலில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது
எங்கள் சைனீஸ் ஓட்டல்.
பெயர்ப்பலகையில் டிராகன்,
வாலில் இரண்டு பல்பு எரியாது.
உள்ளே சீனர் எவருமில்லை.
முதலாளி குவைத்தி. மானேஜர் பய்யோளி பிரேமன்.
வோக் பிடிப்பவர் டிக்காராம் ராய், நேபாளி;
அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, ஊரைக் கேட்காமல்
கூட நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
அவரும் இரண்டு விரலை உயர்த்திச் சிரிப்பார்.
பொரிப்பவன் நான், லிகோரி.

மெனுவில் நாற்பத்தொன்று: தேன் இறால்.
இரண்டே முக்கால் தினாருக்குப் பத்து உருப்படி,
மேலே பாகில் புரட்டிய வால்நட்.

இறால் பின்னாலிருக்கும் கடலிலிருந்து வருவதில்லை.
பெட்டிமேல் பீமவரம் என்றிருக்கும்.
அவையும் மெடிக்கல் பாஸாகி
முத்திரை குத்தி
மைனஸ் பதினெட்டில் நெருக்கிப் படுத்து வந்தவை.
தலையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வரணும்
என்பார் பிரேமன். சிரிப்போம்.
பிறகு கொஞ்ச நேரம்
பேசாமல் நரம்பு உருவுவோம்.

சோளமாவு, முட்டை வெள்ளை, ஒரு சிட்டிகை உப்பு.
எண்ணெயில் விழுந்ததும் கூச்சல்,
அப்புறம் பேச்சு,
பேச்சு முணுமுணுப்பாகும் இடத்தில் குனிந்து பார்க்கவேண்டும்.
இறால் இகரக் கொக்கிபோல் வளைந்தால் எடு.
சுழித்துக்கொண்டு ஈகாரமானால் ரப்பர்.
குறிலில் எடு, நெடிலுக்கு விடாதே:
என் இலக்கணம் இவ்வளவுதான்.

மயோனைஸ், கண்டன்ஸ்டு மில்க், தேன், எலுமிச்சை
எல்லாம் என் கையளவு.
ஆனால் இந்தத் தேன் இறாலை
நான் தின்றது பாதி.
ஒரு தட்டில் பாதியல்ல, ஒரு இறாலில்.
வேலைக்கு வந்த மூன்றாம் நாள்.
உதடு பன்போல் உப்பி
தொண்டை ஸ்ட்ரா அளவுக்குச் சுருங்கி
அதான் ஆஸ்பத்திரியில் கண்விழித்தேன்.
தூத்துக்குடிக்காரன் இறாலுக்கு வீங்குவானா?
சின்ன வயதில் மிளகாய் தடவித் தின்ற நாக்குதானே இது?
உடம்பு ஒருநாள் முடிவெடுக்கும், காரணம் சொல்லாது
என்றாள் எகிப்து டாக்டர்.

டிக்காராம் டாக்ஸிக் காசு கேட்கவில்லை,
ஆறு வருஷமாய் வெளியே சொல்லவுமில்லை.
முகமூடி, இரட்டைக் கையுறையோடு நான் நிற்பதைப் பார்த்து
சுத்தக்காரன் என்று
போன வருஷம் பிரேமன் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்.
முதல் இறாலை டிக்காராம் கடிப்பார்.
புருவம் ஏறினால் தேன் கூட்டு,
மூக்கு சுருங்கினால் எலுமிச்சை.
என் நாக்கு இன்னொருவன் வாயில் இருந்தது.

போன வியாழன் அவருக்குக் காய்ச்சல்.
கடித்தார். மென்றார். இன்னும் மென்றார்.
"ஒண்ணும் தெரியலை பாய்" என்றார்.
ஆர்டர் அடுக்கிக்கிடந்தது.
கண்ணால் ஊற்றினேன்.

ஏழாம் மேசைத் தட்டு திரும்பி வந்தது.
பத்து இறாலும் இருந்தன,
அம்மணமாய், விளிம்பில் வரிசையாய்.
மாவுச்சட்டை உரித்து, சாஸ் வழித்து,
வால்நட் ஒன்றுகூட மிச்சமில்லை.
ஆறு வயசுப் பெண் சார், என்றான் சர்வர்.
அம்மா இனிப்பு ஜாஸ்தி என்றாளாம்,
பெண் இன்னொரு தட்டு கேட்டாளாம்.

அந்தப் பத்தையும் வெகுநேரம் பார்த்தேன்.
ஒன்றுகூட நெடிலாகவில்லை.

பின்வாசல் பூனைகளுக்குப் போட்டேன்.
அவை வால்வரைக்கும் விடவில்லை.
சுத்திகரிப்பு ஆலையின் தீ தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.
எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து
குபூஸைக் கிழித்து
கண்டன்ஸ்டு மில்க் டப்பாவின் அடியைத் துடைத்துத் தின்றேன்.
இனிப்புதான்.
இதோடு இறால் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று
நக்கிய வாயோடு
ஒரு பூனை என்னைப் பார்த்தது,
சொல்லவில்லை.