வ, ல

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்களை மாற்றுவார்கள்.
பதினொன்று இருபதுக்கு என் முறை.
சீவிய பென்சில் இரண்டு, நோட்டு ஒன்று.
எழுந்தவர் தேசப்பன், எங்கள் தொகுதிக்காரர்.
(எங்கள் என்று சொல்லக் கூடாது.
அவைக்குள் சுருக்கெழுத்தருக்குத் தொகுதி கிடையாது.)

பேச்சு வேகமெடுத்தால்
உயிர்க்குறி போட நேரமிருக்காது.
மெய்யை மட்டும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.
வ, ல.
பிறகு அறைக்கு வந்து தட்டச்சு செய்கையில்
விலையா வேலையா வலையா என்று
முன்னும் பின்னும் பார்த்து உயிர் கொடுக்க வேண்டும்.

"தேரடியிலிருந்து எண்ணூர் வரை
நடந்தே போனேன், பேரவைத் தலைவர் அவர்களே.
எண்ணியது நாற்பத்தொரு லேத் பட்டறை.
ஷட்டர் தூக்கியிருந்தது ஒன்பது.
அந்த ஒன்பதில் மூன்றில் கேரம் ஆடுகிறார்கள்.
மூன்று ஷிப்டும் எங்கே போயிற்று?
அடகுக் கடையில் இப்போது
வெல்டிங் மெஷினும் வாங்குகிறார்கள், அமைச்சருக்குத் தெரியுமா?
டீசலுக்குக் காசில்லாமல் காசிமேட்டில்
கட்டிக் கிடக்கும் படகுக்குக் கணக்கு இருக்கிறதா?
இருக்கிறதா?"

அமைச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
மந்தம் என்ற சொல்லை அரசு ஏற்கவில்லை.
இது தற்காலிகத் தேக்கம். உலகம் பூராவும் உள்ளது.
(மேசையைத் தட்டும் ஒலி)
பின்வரிசையிலிருந்து ஒருவர்:
"உறுப்பினர் கேரம் போர்டு எண்ணத்தான் போனாரா?"
(சிரிப்பு)

ஒருவர் சிரித்தாலும் அறுபது பேர் சிரித்தாலும்
அடைப்புக்குறிக்குள் ஒரே சொல்தான்.

அந்த மூன்றில் ஒன்று
என் வீட்டுக்காரர் மகிமைதாஸுடையது.
ஸ்டிரைக்கர் நான் வாங்கிக் கொடுத்தது,
பாரிமுனையில், எண்பது ரூபாய்.

அப்போது தேசப்பன் ஒரு சொல் சொன்னார்.
அது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றார் தலைவர்.
ஆகவே நானும் சொல்ல மாட்டேன்.
கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருக்கும்போது
பைக்கில் நிற்கிற எல்லாரும் சொல்வதுதான்.
நீக்குவதற்கு முன்பே
என் கை அதை எழுதி முடித்திருந்தது.

அவரை உத்தமர் என்று சொல்ல வரவில்லை.
ஏழு வருஷம் முன்னால் இதே தேசப்பன்
எதிர் வரிசையில், அமைச்சராக,
இதே தேக்கம், இதே தற்காலிகம், இதே உலகம் பூராவும்.
கேட்டவர்தான் வேறு.
'அரசின் தீவிரப் பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு
எங்களிடம் ஒரே இழுப்பில் ஒரு கோடு உண்டு.
பென்சிலை எடுக்கவே வேண்டாம்.
இரண்டு கட்சிக்கும் அதே கோடுதான்.
ஆனால் கணக்கு இருக்கிறதா என்று
இரண்டாம் தடவை கேட்டாரே,
அப்போது கையில் தாளைப் பார்க்கவில்லை.
அது எனக்குத் தெரிந்தது.

மதியம் தட்டச்சில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.
"இவர்களுடைய
வ, ல
என்னவென்று இந்த அரசு அறியுமா?"
விலை பொருந்துகிறது. வேலை பொருந்துகிறது.
வலை, படகு பேசிய பிறகு, அதுவும்.
வலி.
ஒலிப்பதிவைக் கேட்டால் தெரிந்துவிடும்.
டீ குடித்துவிட்டு வந்து கேட்டேன்.
அந்த இடத்தில் யாரோ இருமியிருந்தார்கள்.
வேலை என்று அடித்தேன்.

கடற்கரை ஸ்டேஷனில் ஆறு பத்து வண்டி
ஆறு நாற்பதுக்கு வந்தது.
பட்டறை வாசலிலேயே போர்டு போட்டிருந்தார்.
முன்பெல்லாம் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும் விரல்களில்
வெள்ளையாகப் பவுடர்.
"இன்னா, தேசப்பன் நம்மளப் பத்தி பேசுனாராமே?"
"ஒம்போதுல மூணு போர்டுன்னு சொன்னாரு."
"மூணா? தப்பு.
நேத்துலேர்ந்து நாலு. அமல்ராஜும் வாங்கிட்டான்."

பிழை திருத்தம் வேண்டுமென்றால்
உறுப்பினர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.
எனக்கு அதிகாரமில்லை.
கைப்பையை லேத்தின் மேல் வைத்தேன்.
தள்ளி உட்காரச் சொல்லி,
கறுப்பு எனக்கு என்றேன்.